ஆப்பிரிக்காவைப் படிக்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே ஆப்பிரிக்க ஆய்வுகளில் பல்கலைக்கழகச் சான்றிதழ் வாங்கினேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பல்லடத்திலிருந்து திருச்செங்கோடு வரை கடிதங்கள் வந்துவிட்டன. படிக்கப் படிக்க மனசு நிறைந்துபோனது. அதனால் இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விகளுக்குத்தான்.

பி.காம். கடைசி வருஷம் படிக்கிறேன் மேடம். ஆப்பிரிக்க ஆய்வுகளில் சான்றிதழ் படிக்க ஆசை. "அதைப் படிச்சு என்ன பண்ணப் போற, டேலி படி, ஜிஎஸ்டி படி"ங்கிறார் அப்பா. உண்மையில் அந்தப் படிப்பில் என்னதான் சொல்லித் தருவார்கள்?
– ஒரு மாணவி, பல்லடம்

அம்மிணி, அப்பா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதே. டேலியும் ஜிஎஸ்டியும் பல்லடத்தில் அடுத்த மாதமே சம்பளம் தரக்கூடியவை. அவற்றையும் படி. ஆனால் அவற்றைப் படித்த பிள்ளைகள் உன் தெருவிலேயே பல பேர் இருப்பார்கள். நைஜீரியாவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தால், அந்த ஆள் ஏன் பணம் அனுப்பத் தாமதிக்கிறார், அவர் நாட்டு நாணயத்துக்கு என்ன ஆச்சு என்று யோசிக்கத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் மிகக் குறைவு. அந்த யோசனையைத்தான் இந்தப் படிப்பு தருகிறது.

இதற்கு வட்டார ஆய்வு என்று பெயர். பொருளாதாரம் படிப்பவர் ஒரே பாடத்தை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பார்ப்பார். வட்டார ஆய்வு படிப்பவர் உலகத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் வரலாறு, புவியியல், அரசியல், பொருளாதாரம், இலக்கியம், மொழி என்று எல்லா வாசல் வழியாகவும் உள்ளே போய்ப் பார்ப்பார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதை முக்கியப் பட்டத்தோடு சேர்த்துப் படிக்கிற சான்றிதழாக வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் 15 முதல் 18 கிரெடிட் வரும். ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 15 மணி நேர வகுப்பு. ஒரே துறையில் எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது, இரண்டு மூன்று துறைகளிலாவது பாடம் எடுக்க வேண்டும். பல இடங்களில் அந்த வட்டாரத்து மொழி ஒன்றும், கடைசியில் ஓர் ஆய்வுக் கட்டுரையும் உண்டு.

இந்தப் படிப்பு எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள். லண்டனில் 1916-இல் கீழை நாட்டு ஆய்வுகளுக்கென ஒரு பள்ளி நிறுவப்பட்டது. 1938-இல் அதன் பெயரில் ஆப்பிரிக்காவும் சேர்ந்தது. காலனிகளை ஆளப் போகிற அதிகாரிகளுக்கு மொழியும் பழக்கவழக்கமும் கற்றுக்கொடுப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் 1948-இல் ஆப்பிரிக்க ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா அதிர்ந்துபோய், மறு வருஷமே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. வட்டார ஆய்வு மையங்களுக்கும் அயல்மொழி வகுப்புகளுக்கும் அரசுப் பணம் கொட்டியது அதற்குப் பிறகுதான். ஆக, ஆள நினைத்தவர்களும் பயந்தவர்களும் தொடங்கிய படிப்பு இது.

நம் நாட்டில் தொடங்கிய காரணம் வேறு, அதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான். 1955-இல், ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி இன்னும் விடுதலை அடையாதபோதே, டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வுகளுக்குத் துறை தொடங்கினார்கள். அதே ஆண்டு டெல்லி சப்ரு ஹவுஸில் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி ஒன்றும் வந்தது. 1970-இல் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மும்பைப் பல்கலைக்கழகம் 1971-இல் ஆப்பிரிக்க ஆய்வு மையம் தொடங்கியது. நம்மைப் போலவே அடிமைப்பட்டுக் கிடந்த மக்களை, சமமானவர்களாக அறிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

சேர்வதற்கு முன்னால் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார். மொழி இருக்கிறதா என்று முதலில் பார். மொழி இல்லாத வட்டார ஆய்வுச் சான்றிதழை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். அப்புறம், 54 நாடுகளையும் ஒரே பேச்சில் முடித்துவிடுகிற பாடத்திட்டமாக இருந்தால் வேண்டாம். மொரோக்கோவுக்கும் மொசாம்பிக்குக்கும் ஒரே அத்தியாயம் எழுத முடியாது. கடைசியாக, பாடம் நடத்துகிறவர்களில் ஆப்பிரிக்க ஆசிரியர்கள் எழுதியதைப் படிக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்களா என்று பார். ஐரோப்பியர் எழுதியதை மட்டும் வைத்து ஆப்பிரிக்காவைப் படித்தால் பாதிதான் தெரியும்.

அப்பாவிடம் இதைச் சொல்: பட்டம் கையில் இருக்கட்டும், டேலி கையில் இருக்கட்டும், இது மூன்றாவதாக வரட்டும்.

இந்தச் சான்றிதழ் இருந்தால் குரூப் 4 தேர்வில் கூடுதல் மதிப்பெண் உண்டா? டிகிரிக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்களா?
– ஒரு வாசகர், தாராபுரம்

இல்லை. இரண்டுக்கும் இல்லை. சான்றிதழ் பட்டத்துக்கு மாற்று கிடையாது.

ஆனால் ஐ.ஏ.எஸ். தேர்வு எழுதுகிற எண்ணம் இருந்தால், பொது அறிவு இரண்டாம் தாளில் பன்னாட்டு உறவுகள் வரும். அங்கே இந்தப் படிப்பு பேசும்.

அக்கா, நாங்க ரிக் வண்டி வெச்சிருக்கோம். தான்சானியாவுல ரெண்டு வண்டி ஓட்டலாம்னு பங்காளி கூப்பிடறாரு. நான் பிளஸ் டூதான். போர் போடறவனுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு எதுக்குன்னு எல்லாரும் கேக்கறாங்க. நீங்க சொல்லுங்க.
– ரிக் உரிமையாளர், திருச்செங்கோடு

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் இல்லை; ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளில் நம் வண்டிகள் நிற்கின்றன. பாறையை உடைக்கிற வித்தையை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தான்சானியாவின் நடுப்பகுதி முழுக்க மிகப் பழமையான கிரானைட்டும் நைஸ் பாறையும்தான், நம்மூர்ப் பாறை மாதிரியே. சுத்தியல் பிட்டு அங்கேயும் வேலை செய்யும். பாறைக்கு மேலே இருப்பதைப் பற்றித்தான் படிக்க வேண்டும்.

நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தோட்டக்காரர் பட்டாவைக் காட்டுவார், நீங்கள் வண்டியை நிறுத்துவீர்கள். தான்சானியாவில் நிலம் முழுவதும் பொதுச் சொத்து, குடியரசுத் தலைவர் பொறுப்பில் இருக்கிறது. தனி ஆட்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும்தான், அதிகபட்சம் 99 ஆண்டு வரை. கிராம நிலத்துக்குத் தனிச் சட்டமே இருக்கிறது, 1999-இல் வந்தது. அங்கே கிராம சபையின் சம்மதம் முக்கியம். தண்ணீருக்கு வேறு கணக்கு. நாட்டை ஒன்பது ஆற்றுப் படுகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரியம் வைத்திருக்கிறார்கள். நிலத்தடி நீர் எடுக்க 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி அனுமதி வேண்டும். இதெல்லாம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் 1967-க்குப் போக வேண்டும். அந்த வருஷம் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நியரேரே அருஷா பிரகடனத்தை வெளியிட்டார். நிலமும் உழைப்பும் எல்லோருக்கும் பொது, கிராமமே அடிப்படை என்ற உஜமா கொள்கை அதிலிருந்து வளர்ந்தது. திட்டம் பொருளாதாரத்தில் தோற்றது. ஆனால் கிராமம் கூடிப் பேசி முடிவெடுப்பது என்கிற வழக்கம் நிலைத்துவிட்டது. ஊர்க் கூட்டத்துக்கு மதிப்புக் கொடுக்காத ஒப்பந்தக்காரர் அங்கே இரண்டாவது கிணறு தோண்ட முடியாது.

தண்ணீரின் தரத்தையும் சொல்ல வேண்டும். அருஷா, கிளிமஞ்சாரோ பக்கத்தில் எரிமலைப் பாறை காரணமாக நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிக அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்த குழந்தைகளை நான் அங்கே பார்த்திருக்கிறேன். தர்மபுரிப் பக்கம் வேலை செய்தவர் என்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆழம் போனால் நல்ல தண்ணி வரும் என்ற நம்பிக்கையை அந்தப் பகுதிக்கு எடுத்துப் போகாதீர்கள். பரிசோதனை செய்த பிறகு குழாயை இறக்குங்கள். குடிக்கப் போவது அந்த ஊர்க் குழந்தைகள்.

அப்புறம் நேரம். அங்கே பொதுமொழி ஸ்வாஹிலி. அதைப் பேசும் மக்கள் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நாம் காலை ஏழு என்பது அவர்களுக்கு ஒரு மணி. பத்து மணி என்பது நாலு மணி. நம் நாழிகைக் கணக்கும் உதயத்தில்தானே தொடங்கியது, அதனால் பழகுவது கஷ்டமில்லை. தெரியாமல் போனால் டீசல் லாரி ஒரு நேரத்துக்கும் நீங்கள் ஒரு நேரத்துக்கும் போய் நிற்பீர்கள். பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமோ" என்று சொல்ல வேண்டும், அவர் "மரஹபா" என்பார். அதற்குப் பிறகு வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, மழை எப்படி என்று ஒரு சுற்று விசாரிப்பு. அது முடியாமல் அடிக்கு எவ்வளவு என்று பேச ஆரம்பிப்பதை அவர்கள் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். நம்ம பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து பழகியவருக்கு இது சுலபம்.

பிளஸ் டூ என்பது தடை இல்லை. இந்தியாவில் பல சான்றிதழ்ப் படிப்புகளுக்கு அதுவே போதும். பல்கலைக்கழகத்தில் முழுச் சான்றிதழ் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது என்றால், ஸ்வாஹிலி மொழிப் பாடத்தை மட்டுமாவது கிளம்புவதற்கு முன் முடியுங்கள். கூட வருகிற டிரில்லர்களையும் உட்கார வையுங்கள். தார் எஸ் சலாமில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குஜராத்திகள் ஸ்வாஹிலியை வீட்டுமொழி போலப் பேசுவார்கள். அந்த ஊரில் அவர்கள் நிலைத்து நின்றதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

எத்தனை நாளில் ஸ்வாஹிலி வரும்? அரபி படிக்கலாமா, ஸ்வாஹிலி படிக்கலாமா?
– முட்டை ஏற்றுமதியாளரின் மகன், நாமக்கல்

முட்டை ஓமனுக்கும் கத்தாருக்கும் போகிறது என்றால் அரபியைத்தான் படிக்க வேண்டும். எது சுலபம் என்று பார்த்து மொழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சரக்கு எங்கே போகிறது என்று பாருங்கள்.

காலக் கணக்குக் கேட்டதால் சொல்கிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு ஸ்வாஹிலிக்கு ஏறத்தாழ 36 வாரம், 900 வகுப்பு மணி என்று கணக்கு வைத்திருக்கிறது. அரபிக்கு 88 வாரம், 2,200 மணி. அது முழுநேர வகுப்பு. நம் ஆட்களுக்கு ஸ்வாஹிலி இன்னும் கொஞ்சம் இசைவானது. யார் செய்தார், எப்போது செய்தார் என்பதையெல்லாம் ஒரே சொல்லுக்குள் அடக்குகிற முறை நமக்குப் பழக்கம். நாம் சொல்லின் கடைசியில் ஒட்டுவதை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள். எழுத்து ரோமன் எழுத்து, எழுதியபடியே படிக்கலாம்.

மேற்காசிய ஆய்வுகளுக்கு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா, அலிகார் மூன்றிலும் தனி மையமோ துறையோ இருக்கிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் அரபிச் சான்றிதழ் தொலைநிலையில் உண்டு. கல்லூரியில் படித்துக்கொண்டே இதைச் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம். 2022-இலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு படிப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதிக்கிறது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக் கூடாது, அவ்வளவுதான்.

அமெரிக்க வரி 2025 ஆகஸ்ட்டில் 50 சதவீதம் ஆனதும் ஆப்பிரிக்கா பக்கம் பாருங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அங்கே நல்ல ஏஜென்ட் இருக்கிறார். ஏஜென்ட் சொல்லாத எதை உங்கள் சான்றிதழ் சொல்லிவிடும்?
– பனியன் ஏற்றுமதியாளர், திருப்பூர்

நியாயமான கேள்வி. ஏஜென்ட் உங்களுக்கு இந்த மாத விலையைச் சொல்வார். அந்த விலை ஏன் அப்படி இருக்கிறது, அடுத்த வருஷம் எது மாறும் என்பதைச் சொல்வது அவர் வேலை இல்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவையே பாருங்கள். நைரோபியில் கிகோம்பா என்று ஒரு சந்தை. அங்கே மலை மலையாகக் குவிந்து கிடப்பது ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பேல் பேலாக வரும் பழைய துணி. மிதும்பா என்பார்கள். நீங்கள் அனுப்பும் புதுப் பனியன் போட்டி போடப் போவது சீனப் பனியனோடு மட்டும் இல்லை, இந்தப் பழைய துணியோடும்தான். 2016-இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து பழைய துணியைப் படிப்படியாக நிறுத்துவது என்று முடிவெடுத்தன. ருவாண்டா கிலோவுக்கு 20 சென்ட்டாக இருந்த வரியை இரண்டரை டாலர் ஆக்கியது. அமெரிக்கப் பழைய துணி வியாபாரிகள் தங்கள் அரசிடம் முறையிட்டார்கள். ஆப்பிரிக்க நாடுகளுக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்கா கொடுத்துவந்த வரிச் சலுகையைப் பிடுங்கிவிடுவோம் என்ற மிரட்டல் வந்தது. மற்ற நாடுகள் பின்வாங்கின. ருவாண்டா பின்வாங்கவில்லை, 2018-இல் அதன் ஆடைகளுக்கான சலுகை நிறுத்தப்பட்டது. முன்பென்றால் இது ஒரு வகுப்பறைச் செய்தியாக எனக்குத் தோன்றியிருக்கும். இப்போது திருப்பூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வாஷிங்டனில் போடும் ஒரு கையெழுத்து இங்கே எத்தனை தறியை நிறுத்தும் என்று நாம் பார்த்துவிட்டோம். ருவாண்டாக்காரர்கள் அதை நமக்கு முன்னால் பார்த்தார்கள்.

எத்தியோப்பியாவும் அப்படித்தான். ஹவாசாவில் பெரிய தொழிற்பேட்டை கட்டினார்கள், வெளிநாட்டு ஆடைக் கம்பெனிகள் போய் இறங்கின. நாட்டின் வடக்கே டிக்ரேயில் போர் வந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்கா அந்த நாட்டின் சலுகையை எடுத்துவிட்டது. கூலி எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என்று மட்டும் விசாரித்துப் போனவர்கள் திகைத்து நின்றார்கள். அந்த நாட்டின் அரசியலைப் படித்தவர்களுக்கு அபாயம் முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

மேற்கே போனால் வேறு உலகம். 14 நாடுகளில் ஒரே பெயருள்ள சிஎஃப்ஏ பிராங்க் ஓடுகிறது. ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்று கட்டி வைத்திருக்கிறார்கள், அது அசைவதில்லை. பக்கத்திலேயே நைஜீரியா, அங்கே 2023 ஜூனில் நாணயக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் நைரா சரிந்தது. செனகலுக்குக் கொடுக்கும் கடனையும் நைஜீரியாவுக்குக் கொடுக்கும் கடனையும் ஒரே தவணையில் கொடுத்தீர்கள் என்றால் நஷ்டம் உங்களுக்குத்தான். 17 நாடுகளில் ஒரே வணிகச் சட்டம் செல்லும், 1993-இல் போட்ட ஒப்பந்தப்படி. பிரெஞ்சு மரபில் வந்த சட்டம் அது. நம் ஆங்கிலேய மரபுச் சட்டத்தை மனதில் வைத்து எழுதிய காண்ட்ராக்ட் அங்கே பாதி புரியும், பாதி புரியாது. இதோடு 2021 ஜனவரியிலிருந்து கண்டம் முழுவதற்குமான தடையில்லா வணிக ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தலைமைச் செயலகம் கானாவில், அக்ராவில்.

நூல் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மில்களுக்குப் பஞ்சு வரும் இடங்களில் மாலியும் பெனினும் உண்டு. 2008-இல் டெல்லியில் நடந்த இந்திய ஆப்பிரிக்க மாநாட்டில் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு இந்தியா வரிச் சலுகை அறிவித்தபோது அந்தப் பட்டியலில் பருத்தியும் இருந்தது. அங்கே பருத்தி விதைக்கிற சம்சாரியும் இங்கே பனியன் தைக்கிற பெண்ணும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். நடுவில் இருக்கிற நீங்கள் இரண்டு முனையையும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதை லாபத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

நீங்களே படிக்க வேண்டும் என்பதில்லை. அலுவலகத்தில் மெர்ச்சண்டைசர் பிள்ளைகளில் ஆர்வமுள்ள ஒருவரை அனுப்புங்கள், கட்டணத்தைக் கம்பெனி கட்டட்டும். இப்படி அனுப்பப்பட்டவள்தான் நான்.

ஈரோட்டில் ஒருவர் 45,000 ரூபாய்க்கு மூன்று வாரத்தில் "சர்வதேச ஆப்பிரிக்கச் சான்றிதழ்" தருகிறேன் என்கிறார். 50 நாடுகளில் செல்லுமாம். கட்டலாமா?
– ஒரு வாசகர், பெருந்துறை

கட்டாதீர்கள். எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது என்று கேளுங்கள். பெயர் சொன்னால், யுஜிசி இணையதளத்தில் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் இருக்கிறது, அதில் தேடுங்கள். தொலைநிலை அல்லது இணையவழி என்றால் அதற்கு அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலும் அங்கேயே உண்டு. எத்தனை கிரெடிட், மதிப்பெண் பட்டியல் தருவார்களா, மாணவர்களின் கிரெடிட்டைக் கணக்கில் சேர்த்துவைக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸில் அதைச் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான பல்கலைக்கழகத்துக்கு இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத்தில் இருக்கும். மூன்று வாரத்தில் ஒரு கண்டத்தைப் படித்து முடிக்க முடியாது.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஐம்பதைத் தாண்டிவிட்டேன். வேலைக்காக இல்லை, எனக்காகவும் என் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவும் படிக்க ஆசை. சிரிப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
– ஓர் ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

சகோதரி, உங்கள் கடிதம்தான் என்னை மிகவும் சந்தோஷப்படுத்தியது. யாரும் சிரிக்க மாட்டார்கள். அப்படியே யாராவது சிரித்தாலும் நீங்கள் படியுங்கள்.

முதல் பாடத்தை நாளைக்கே உங்கள் வகுப்பில் தொடங்கலாம். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிந்தால் அது மெர்கேட்டர் முறையில் வரைந்த படம். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு பெரியது. இந்தியாவை ஒன்பது தடவை உள்ளே வைக்கலாம். பிள்ளைகளிடம் அட்டையில் வெட்டி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கண்கள் விரிவதை நீங்களே பார்ப்பீர்கள். அடுத்து, நேர்கோடாகப் போகும் எல்லைகளைக் காட்டுங்கள். 1884-85-இல் பெர்லினில் ஐரோப்பியர்கள் கூடிக் கண்டத்தைப் பங்கு போட விதி வகுத்தார்கள்; அந்த அறையில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. 1960-ஆம் ஆண்டில் மட்டும் 17 நாடுகள் விடுதலை அடைந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பங்கு போட்ட கதையோடு நிறுத்திவிடக் கூடாது.

நம் ஊருக்கும் அங்கே ஒரு நூலிழை உண்டு. ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் மணி கோத்த காலத்தில், சேர நாட்டு முசிறித் துறைமுகத்தைப் பற்றியும் சொல்லி ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பு இன்றும் இருக்கிறது. அதே குறிப்பில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் ரப்தா என்ற துறைமுகமும் வருகிறது; இன்றைய தான்சானியக் கரையில் இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஒரே பருவக்காற்று இரண்டு கரைக்கும் கப்பலைத் தள்ளியிருக்கிறது.

மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் பாடம் கேட்க இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால்தான் கட்டணம். முதலில் கேளுங்கள். பிடித்தால் தேர்வு எழுதுங்கள். தென்கிழக்காசியா மேல் ஆர்வம் இருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருப்பதி வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்திலும் மையங்கள் இருக்கின்றன.

நம்ம ஊரையே இன்னும் முழுசாப் படிக்கல. எங்கேயோ இருக்கிற ஆப்பிரிக்காவைப் படிச்சு என்ன?
– ஒரு விவசாயி, காங்கேயம்

ஐயா, காங்கேயத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததால் உங்கள் பக்கத்துக் கதையையே சொல்கிறேன். 1960-களின் நடுவில் ஆக்ஸ்போர்டில் மானுடவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பிரெண்டா பெக் என்ற இளம்பெண் உங்கள் ஊர்ப் பக்கம் ஓலப்பாளையத்துக்கு வந்து தங்கினார். தமிழ் கற்றுக்கொண்டார். ஊரில் யார் யாருக்கு என்ன உறவு, எந்தக் கோயிலில் யாருக்கு என்ன முறை என்றெல்லாம் குறித்துக்கொண்டார். உடுக்கடித்துப் பாடும் அண்ணன்மார் கதையை டேப்பில் முழுசாகப் பதிவு செய்தார். பொன்னர் சங்கரை நம் பாட்டிமார்கள் கேட்டு அழுத மாதிரியே இன்று கேட்க முடிகிறது என்றால், கடல் தாண்டி வந்த ஒருவர் நம் மண்ணை மதித்துப் படித்தது அதற்கு ஒரு காரணம். இன்றும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தெற்காசிய ஆய்வு படிக்கும் பிள்ளைகள் தமிழ் கற்க மதுரைக்கு வருகிறார்கள்.

அவர்கள் நம்மைப் படித்தார்கள். நாமும் பிறரை அதே பொறுமையோடு படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அப்படி வெளியே போய்ப் படித்துத் திரும்புகிற பிள்ளை நம்மூர் வாய்க்காலையும் புதுக் கண்ணோடு பார்க்கும்.

இணையவழியில் ஆப்பிரிக்க ஆய்வுச் சான்றிதழ் படித்துக்கொண்டிருக்கிறேன். கடைசிக் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்கிறார்கள். நூலகத்தில் கிடைப்பதை வைத்து எழுதலாமா?
– பொறியியல் பட்டதாரி, பவானி

நூலகத்தை மட்டும் நம்பி எழுதாதீர்கள். பவானியில் இருக்கிறீர்கள், உங்களுக்கு அருமையான தலைப்பு வாசலிலேயே ஓடுகிறது. கிளிமஞ்சாரோ மலைச் சரிவில் சாக்கா மக்கள் கையால் வெட்டிய வாய்க்கால்கள் இருக்கின்றன. மலையிலிருந்து வாழைத் தோப்புகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்கள் அவை. குலத்துப் பெரியவர்கள் முறை வைத்து விடுவார்கள், தூர் வார வராத வீட்டுக்குத் தண்டனை உண்டு. நம் காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டிலும் தண்ணீர் முறை எப்படி வைத்தார்கள், பம்பு வந்த பிறகு அந்த முறைக்கு என்ன ஆனது என்று ஒப்பிட்டு எழுதுங்கள். சாக்கா வாய்க்கால்களைப் பற்றி நிறைய ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன, கிடைத்துவிடும். காலிங்கராயன் பாசனத்துக்கு நீங்களே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மடைக்கு மடை பெரியவர்களிடம் கேட்கலாம்.

கேட்கும்போது மஞ்சள் போட்ட காலத்து முறையையும் கேளுங்கள், மோட்டார் எந்த வருஷம் வந்தது, எத்தனை குதிரைத்திறன் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களிடமும் தனியாகக் கேளுங்கள். ராத்திரித் தண்ணி கட்டியவர்களில் அவர்களும் உண்டு. வரைவு தயாரானதும் இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். பம்பு பற்றிய பகுதியை நான் படித்துத் திருத்தித் தருகிறேன்.